மூடியில் வைத்த பொட்டு

மஞ்சளாகத்தான் தெரிந்தது கொஞ்ச நேரம், வேப்பமரத்தைத் தாண்டி, லைட் கம்பத்தைத் தாண்டி, அப்புறம் நிறம் கழன்று வெறும் புள்ளியாகிவிட்டது, கண்ணில் தூசி விழுந்தாலும் இப்படித்தான் தெரியும், சாந்தாமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறாள், புள்ளி போகவில்லை, தூசியாக இருந்தால் எவ்வளவோ தேவலை, அது நாச்சிமுத்து, அவளைக் கட்டிய மனுஷன், உடுமலையில் மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர்களுக்கு ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர், மாடிப்படி ஏறும்போது கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொள்கிறவர், இன்றைக்கு எதையும் பிடித்துக்கொள்ளாமல் ஆகாயத்தில் இருக்கிறார். இருக்கிறார் என்பதற்கு அந்தச் சத்தம்தான் சாட்சி, ட்ர்ர்ர் என்று தோட்டத்தில் மருந்தடிக்கிற மெஷினின் சத்தமேதான், வீட்டுப் பின்னால் ஷெட்டில் மாதக்கணக்கில் அது ஓடியபோது தலையைப் பிளக்குதுங்க, நிறுத்துங்க என்று எத்தனை தரம் கத்தியிருப்பாள், இப்போது அது நிற்காமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த உலகத்தில் அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம், நிற்காதே, நிற்காதே என்று வாய் முணுமுணுக்கிறது, சாமி பெயர்கூட ஞாபகம் வரவில்லை.

அவள் நிற்கிற இடம் ஒரு வீட்டுமனை, பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, முன்பு சோளக்காடாக இருந்தது, இப்போது வாசலில் ஆர்ச் மட்டும் கல்யாண மண்டபத்துக்குப் போட்டது போல ஜம்மென்று நிற்கிறது, உள்ளே ஒரு வீடு கிடையாது, வெள்ளையடித்த எல்லைக் கற்கள், கற்களுக்கு நடுவே கோடு கிழித்த மாதிரி ஒரே நேராக ஒரு தார் ரோடு. மனை போட்டவன் காளிங்கராஜ், நாச்சிமுத்துவின் கடைக்கு எதிர்க்கடைக்காரன், பேச்சில் தேனை ஊற்றியும் ஒரு மனைகூட விற்காமல் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறவன், ரோடு சும்மாதானுங்கண்ணா கெடக்குது, நீங்க ஓட்டுங்க, ஏரோப்ளேன் எறங்குற சைட்டுன்னு நான் நோட்டீஸ் அடிச்சுக்கறேன் என்று வலிய வந்து சொன்னவன், அனுமதிக் காகிதத்துக்கு அவர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தபோதெல்லாம் கூடவே அலைந்தவன், இப்போது அவளுக்குப் பக்கத்தில் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவன் அக்குளில் ஒரு சிவப்புத் துணி சுருட்டி இடுக்கியிருக்கிறது. காலையில் நாச்சிமுத்து இரண்டு பேரையும் எதிரில் நிற்க வைத்துக்கொண்டு சொன்னார், மேல போயிட்டா நீங்க கத்துறது எனக்குக் கேக்காது, போன் அடிச்சாலும் எடுக்க முடியாது, கீழ இருந்து பாத்து ஏதாச்சும் தப்பாத் தெரிஞ்சா, சக்கரம் ஆடுது, துணி கிழியுது, எதா இருந்தாலும் இந்தச் செவப்ப ஆட்டுங்க, ஏன் எதுக்குன்னு யோசிக்க மாட்டேன், அப்பவே எறங்கிருவேன், ஆனா சும்மா ஆட்டிப்போடாதீங்க, இந்த சைட்ட ஒரு சுத்து, அப்புறம் அக்கட்டால காத்தாலை வரைக்கும் போயி ஒரு சுத்து, முழுசா சுத்தோணும்னு ஆசையா இருக்குது. ஆசை என்று சொல்லும்போது அவர் முகம் அவளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது, அவளுக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அவரே கட்டிய அந்தக் குட்டி ஏரோப்ளேனில் ஒற்றை சீட்டு, அதுதான் அவளுக்கு முதலிலிருந்தே ஒப்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் எந்த வண்டி வாங்கினாலும் அவளுக்குப் பின்னால் ஓர் இடம் இருந்தது, சைக்கிளில் கேரியர், அப்புறம் மொபெட், அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எதிரில் லாரி வந்தாலும் பயமில்லை, விழுந்தால் இரண்டு பேரும் சேர்ந்து விழுவோம் என்று ஒரு தைரியம், இதில் மட்டும் ஒரே ஆள், ஏனுங்க, எனக்கு எங்கீங்க சீட்டு என்று கேட்டாள், சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தவர் தலை நிமிராமல், ஓராளுக்குத்தான் கணக்கு, நீ ஏறினா தூக்காது என்றார், ஏன், நான் அத்தனை பெருத்தா போயிட்டேன் என்று அவள் கேட்க, அட அதில்ல அம்மிணி என்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் திணறினார், பாவம், அந்தத் திணறலைப் பார்ப்பதற்காகவே கேட்டாள் என்பது அவருக்குத் தெரியாது. இன்ஜின் வந்த கதையும் நல்ல சகுனமில்லை, முதுகில் விசிறியைக் கட்டிக்கொண்டு பாராசூட்டில் பறப்பார்களே, அந்த விசிறியின் இன்ஜின், ஏலகிரிப் பக்கத்திலிருந்து ஒருத்தன் ரிப்பேருக்குக் கொண்டு வந்து போட்டான், போட்டவன் திரும்பி வரவே இல்லை, போன் செய்து கேட்டால், கால் ரெண்டும் முறிஞ்சு படுத்திருக்கேன் சார், அந்தச் சனியன நீங்களே வெச்சுக்குங்க என்றான், வேறு யாராக இருந்தாலும் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள், இவர் அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டார், கொஞ்ச நாளில் அலுமினியக் குழாய் வந்தது, சக்கரம் வந்தது, ஷெட்டிலிருந்து வால் வளர்ந்து சமையல்கட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டது, மாவாட்டப் போகிறவள் குனிந்து போக வேண்டியிருந்தது. மைசூர்ப் பக்கம் எங்கோ போய் ஓட்டவும் கற்றுக்கொண்டு வந்தார், பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் கீர்த்தனா போனில் அழுதாள், அம்மா நீயாவது சொல்லக் கூடாதா, சொல்லாமலா இருந்தாள், சொன்னால் கேட்கிற ஆளா அவர்.

சொல்லிச் சொல்லி ஓய்ந்து கடைசியில் அவளே தைக்க உட்கார்ந்துவிட்டாள், அதுதான் வேடிக்கை. இறக்கைக்குத் துணி வந்து இறங்கியபோது அதைத் திருப்பூரில் யாரிடமாவது கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம் என்றார், படகுக்குப் பாய் கட்டுகிற துணி, மஞ்சள் நிறம், ஊசி வழுக்குகிற வழவழப்பு, எவனோ தைத்த தையலை நம்பி என் வீட்டுக்காரர் அந்தரத்தில் தொங்குவதா என்று அவளுக்கு வீம்பு வந்துவிட்டது, தெருப் பெண்களின் ஜாக்கெட் துணிகளையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு இதை எடுத்தாள், அலுமினிய விலாக்களின் மேல் துணியை இழுத்துப் போர்த்தி, தடித்த நூலால் விலாவோடு விலாவாக முடிச்சுப் போட்டு இறுக்கி, பிறகு இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் துணி சுருங்கி விறைத்துக்கொள்ளும், விரலால் சுண்டினால் தவில் மாதிரி டம் என்று கேட்கும், ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு போதும் என்றார், அவள் அரைச் சாணுக்கு ஒன்று போட்டாள், வெயிட்டு கூடுது சாந்தா என்றார், கூடட்டும் என்றாள். இப்போது அண்ணாந்து பார்த்தபடி மனசுக்குள் இடது இறக்கையிலிருந்து முடிச்சு முடிச்சாகத் தொட்டுக்கொண்டே வருகிறாள், இது போட்டேன், இதுவும் போட்டேன், இது மழை பெய்த அன்றைக்குப் போட்டது, இது கீர்த்தனா போன் வந்து பாதியில் விட்டது, பாதியிலா, இல்லை, திரும்பி வந்து அவிழ்த்துவிட்டுப் புதிதாகப் போட்டாள், நூலை வாயில் வைத்து ஈரப்படுத்தியது நாக்கில் இன்னும் இருக்கிறது, தையலில் குறையில்லை, அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, அப்படியானால் நெஞ்சில் முள்ளாகக் குத்துவது எது, ஏதோ ஒன்று இருக்கிறது, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு காஸை மூடினோமா என்று திடுக்கென்று வருமே, அந்த மாதிரி ஒன்று, ஆனால் எது என்று பிடிபடவில்லை.

காலையில் நடந்ததாக இருக்குமோ. சைட்டுக்கு வந்ததும் வண்டியை, அவர் அதை வண்டி என்றுதான் சொல்வார், ட்ரெய்லரிலிருந்து இறக்கி, இறக்கை மாட்டி, ஒவ்வொரு போல்ட்டாகத் தடவிப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தார், சுற்றி வந்தவர் நடுவில் அவளிடம் வந்து, ஒரு ஊக்கு இருந்தாக் குடு சாந்தா என்றார், எதற்கென்று அவளும் கேட்கவில்லை, சட்டைப் பையின் வாய் பிளந்து கிடந்தது, அதற்காக இருக்கும், தாலிக்கொடியில் எப்போதும் இரண்டு மூன்று ஊக்கு கோத்திருப்பாள், ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள், கொடுத்த பிறகுதான் சுரீர் என்றது, இன்றைக்குப் பார்த்துத் தாலியிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுப்பேனா, கைப்பையில் ஒரு கொத்து கிடந்ததே, அதை எடுத்திருக்கக் கூடாதா. அப்புறம் அவர் ஹெல்மெட்டை மாட்டி பெல்ட்டைப் போட்டு உட்கார்ந்தபோது, போய்ட்டு வாங்க என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், தினமும் கடைக்குப் போகிறவருக்கு அடுப்படியிலிருந்தே சொல்கிற வார்த்தைதான், இன்றைக்கு வாய் ஒட்டிக்கொண்டது, போய் என்று ஆரம்பித்து அதோடு தொண்டை அடைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயம், அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வார்த்தை வராது என்று தெரிந்ததும் சரி என்று தலையாட்டிவிட்டு இன்ஜினைப் போட்டார். ஊக்கும் உறுத்துகிறது, வார்த்தையும் உறுத்துகிறது, ஆனால் முள் அதில்லை, முள் நேற்றையது.

நேற்று ஆயுத பூஜை, இன்றைக்கு விஜயதசமி, எதை ஆரம்பித்தாலும் இன்றைக்கு ஆரம்பிக்கலாம் என்று நாள் குறித்ததே அவள்தான், ஆடிக் காற்றும் ஓய்ந்து காற்றாலைகள் சோம்பிக்கொண்டு நிற்கிற காலம். நாச்சிமுத்துவுக்குச் சாமியோடு சண்டையும் இல்லை, சிநேகமும் இல்லை, பூஜை என்றால் பொரிகடலை தின்பதோடு சரி, உன்ற இஷ்டம் போலப் பண்ணிக்கோ, விசிறியில மட்டும் மாலை கீலை போட்டுப்போடாத என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார், அவள் கிண்ணத்தில் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு ஆரம்பித்தாள், முதலில் தையல் மெஷின், கத்திரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர், பிறகு ஷெட்டுக்கு வந்து சுத்தியல், ஸ்பேனர், மொபெட், சந்தனம் ஒரு அப்பு, நடுவில் குங்குமம் ஒரு புள்ளி, மோதிர விரல் தானாகப் போகிறது, மனசு அடுப்பில் வைத்த சுண்டலில் இருக்கிறது, வருஷா வருஷம் செய்கிற கைக்குக் கண் தேவையில்லை, பிறகு மஞ்சள் வண்டி, மூன்று சக்கரங்களுக்கு, இறக்கைக்கு இரண்டு பக்கமும், பிடிகோலுக்கு, சீட்டின் முதுகுக்கு, சீட்டுக்குப் பின்னால் போய் இன்ஜினுக்கு, இன்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளை கேன், அதுதான் பெட்ரோல் டேங்க், அதன் மேல் ஒரு சிவப்பு மூடி, உருண்டையாக, பொட்டு வை என்று கேட்கிற மாதிரி. இந்த இடத்தில் வந்து அவள் ஞாபகம் நின்றுவிட்டது.

அந்த மூடியின் நடுவில் ஒரு துளை இருக்கிறது. கடுகு அளவுகூட இருக்காது. ஷெட்டில் இன்ஜினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் காபி கொண்டுபோனவளை நிறுத்தி, இங்க பாரு ஒரு வேடிக்கை என்று மூடியின் மேல் விரலை அழுத்தி வைத்தார், ஒன்றும் ஆகவில்லை, காபி ஆறுதுங்க என்றாள், இரு இரு என்றார், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தரம் இருமியது, இன்னொரு தரம் இருமியது, நின்றுவிட்டது, அவர் விரலை எடுத்ததும் மூடி உஸ் என்று காற்றை இழுத்தது, பாத்தியா, பெட்ரோல் கீழ எறங்கோணும்னா மேல காத்து உள்ள போகோணும், இந்த ஓட்டைதான் அதுக்கு மூக்கு, மருந்தடிக்கறவன் இதுல மண்ண அடைச்சுக் கொண்டாந்து போட்டு இன்ஜினே போச்சுங்கம்பான் என்று சிரித்தார், இதென்ன பெரிய வித்தை, எண்ணெய் டின்னுக்கு ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டா எண்ணெய் வருமா, எதிர்ப்பக்கமும் போடோணும், இது தெரியாதா எனக்கு என்றாள், அப்ப நீதான் இனிமே எஞ்சினீயரு என்று காபியை வாங்கிக்கொண்டார். தெரியும், தெரிந்தவள்தான், தெரிந்தவளின் கை நேற்று என்ன செய்தது. வைத்தேனா, வைக்கவில்லையா, ஒரு மூடிக்கு வைத்தது நிச்சயம், அது மொபெட்டின் மூடியாக இருக்கலாம், மொபெட் மூடி இரும்பு, தொட்டால் சில்லென்று இருக்கும், கேன் மூடி பிளாஸ்டிக், திருகுவதற்கு ஓரமெல்லாம் பல் பல்லாக வெட்டியிருக்கும், விரல் நுனியில் மிச்சமிருப்பது எது, சில்லென்றதா, பல்லா. கண்ணை மூடுகிறாள், நேற்றுச் சாயங்காலம் வருகிறது, இடது கையில் கிண்ணம், கிண்ணத்தில் கொஞ்சம்தான் மிச்சம், வழித்து எடுக்கிறாள், இதோடு முடிந்தது, கடைசிப் பொட்டு, பெரிசாகவே வைத்துவிடலாம் என்று நினைக்கிறாள், பெரிசாக, கெட்டியாக அப்பி, குங்குமத்தை அழுத்துகிறபோது சுண்டுவிரல் ஓரத்தில் பல் பல்லாக நெருடுகிறது, ஆமாம், நெருடியது, சந்தேகமே இல்லை, நெருடியது.

விடிய விடியக் காய்ந்திருக்கும், காய்ந்த சந்தனம் சிமெண்ட் பூச்சு மாதிரி, சுரண்டினால் ஒழியப் போகாது. காலையில் கீழே வைத்து ஓட்டியபோது இன்ஜின் நிற்கவில்லையே என்று ஒரு மனசு சொல்கிறது, ஷெட்டில்கூட உடனே நிற்கவில்லையடி என்று இன்னொரு மனசு சொல்கிறது, மேலே புள்ளி முதல் சுற்றை முடித்துவிட்டுக் காற்றாலைப் பக்கம் மூக்கைத் திருப்புகிறது, அங்கே இறங்க இடம் கிடையாது, கரண்டுக் கம்பிகளும் கருவேல மரங்களும்தான், இங்கேயாவது ரோடு இருக்கிறது, என்னாச்சுங்கக்கா, மூஞ்சி ஏன் இப்படி வேர்க்குது, அண்ணன் என்ன அழகா ஓட்டறாரு பாருங்க என்கிறான் காளிங்கராஜ். ஆசையா இருக்குது என்றாரே, இந்த மனுஷன் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லையே, சட்டை வேண்டும், நல்ல செருப்பு வேண்டும் என்றுகூட ஒருநாளும் கேட்டதில்லையே, என் விரல் பொய் சொல்கிறது என்றால், மொபெட் மூடிதான் அது என்றால், ஒன்றுமில்லாததற்குத் துணியை ஆட்டி அவர் ஆயுசுக்கும் ஆசைப்பட்டதைப் பாதியில் பிடுங்கின பாவம் எனக்கு வரும், அவர் ஒன்றும் சொல்லமாட்டார், அதுதான் கொடுமை, பரவால்ல உடு என்று சொல்லிவிட்டு இறக்கையைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். விரல் பொய் சொல்லவில்லை என்றால். அதை அவளால் முழுசாக நினைக்கக்கூட முடியவில்லை, நினைப்பு அந்த இடத்துக்குப் போகும் முன்பே கை காளிங்கராஜின் அக்குளிலிருந்து துணியைப் பிடுங்கிவிட்டது, தார் ரோட்டின் நடுவுக்கு ஓடினாள், செருப்பு ஒன்று கழன்று போனது, ஆட்டினாள் என்று சொல்ல முடியாது, வெளுக்கிற துணியைக் கல்லில் அடிப்பது போல ஆகாயத்தில் அடித்தாள்.

புள்ளி கேட்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது, பார்க்கவில்லையோ, பார்த்தும் இவளுக்கு வேறு வேலையில்லை என்று போகிறாரோ, போகட்டும், கோபித்துக்கொண்டாவது திரும்புங்கள், பிறகு அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது, சாய்ந்து வளைந்து ரோட்டுக்கு நேராக வந்தது, அப்பாடா என்று அவள் கையைத் தாழ்த்தின அதே நேரம் சத்தம் நின்றுவிட்டது. அதுவரை உலகத்தையே நிரப்பிக்கொண்டிருந்த சத்தம், யாரோ கையால் வாயைப் பொத்தின மாதிரி, இப்போது இல்லை. எங்கோ ஆட்டின் கழுத்து மணி கேட்கிறது, ஆர்ச்சின் மேல் ஒரு காக்காய் உட்கார்ந்து கரைவது கேட்கிறது, ஐயோ நாந்தான், என் கையாலதான் என்று அவள் சொல்வது அவளுக்கே கேட்கிறது, ஷெட்டில் அவர் விரலை எடுத்தார், அங்கே எடுக்க யார் இருக்கிறார்கள், இந்த விரலில்தான் மோதிரம் போட்டார், இந்த விரலால்தான் கீர்த்தனாவுக்கு முதல் சோறு ஊட்டினேன், காளிங்கராஜ் படம் பிடிப்பதை விட்டுவிட்டுப் போனை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறான். புள்ளிக்கு மறுபடி நிறம் வந்தது, மஞ்சள், இறக்கை வந்தது, சக்கரம் வந்தது, அவளுடைய முடிச்சுகளைத் தாங்கிக்கொண்டு காற்றில் சறுக்கி இறங்கிக்கொண்டே வருகிறது, லைட் கம்பத்துக்கு மேலே, வேப்பமரத்துக்குப் பக்கத்தில், அவள் ரோட்டை விட்டு ஓட மறந்து நிற்க, காளிங்கராஜ்தான் தோளைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தான், ஒரு சக்கரம் தரையைத் தொட்டது, எம்பியது, மறுபடி தொட்டது, எல்லைக் கல் ஒன்றை உரசுகிற மாதிரி போய் நேராகி, ஓடி, ஓய்ந்து, ஆர்ச்சுக்கு முன்னால் நின்றது. கிட்டே ஓடிப் போனபோதுதான் அவள் பார்த்தாள், விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, டுக் டுக் டுக் என்று இன்ஜின் அடிக்குரலில் முனகிக்கொண்டுதான் இருந்தது, இறங்குவதற்காக அவர் குறைத்து வைத்திருந்தார், அவ்வளவுதான், அது நிற்கவே இல்லை.

நாச்சிமுத்து இன்ஜினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, இறங்கினார், முகம் வெளுத்திருந்தது, என்ன தெரிஞ்சுது, சக்கரமா, துணியா என்று இறக்கையைத் தடவிக்கொண்டே கேட்டார், அவள் சீட்டுக்குப் பின்னால் கையைக் காட்டினாள், நேத்து, சந்தனம், அந்த ஓட்டையில, நாந்தானுங்க என்று துண்டு துண்டாகச் சொன்னாள், சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது, தார் ரோட்டிலேயே உட்கார்ந்தார், உட்கார்ந்து சட்டைப் பைக்குள் விரலை விட்டு எதையோ எடுத்து அவளிடம் நீட்டினார், இந்தா, உன்ற ஊக்கு. வாங்கினாள், அதன் முனையில் மஞ்சளாகத் தூள் ஒட்டியிருந்தது, மூக்குக்கிட்டே கொண்டுபோனால் பாதி சந்தனம், பாதி பெட்ரோல். டேங்க் பக்கம் போய்ப் பார்த்தாள், சிவப்பு மூடியில் அவள் வைத்த பொட்டு வைத்தபடியே இருந்தது, பெரிசாக, கெட்டியாக, கொஞ்சமும் கலையாமல், குங்குமத்தின் நட்டநடுவில் மட்டும் ஊக்கின் முனை அளவுக்கு ஒரு கறுப்புத் துளை. காலையிலயே பாத்துட்டேன், பாக்காமயா ஏறுவேன் என்றார் பின்னாலிருந்து. ஏனுங்க எங்கிட்டச் சொல்லல என்றாள். சொன்னா நீ இன்னைக்கு என்னைய ஏற உட்டிருப்பியா. சரி, தொடச்சுப்போட்டிருக்கலாமில்ல. தொடைக்கலாம்னுதான் துணிய எடுத்தேன் என்றார், நீ வெச்ச பொட்டு, அதப் போயி நான் அழிக்கறதா, கை வரல.

சாந்தாமணி அழுதாள், காளிங்கராஜ் நிற்கிறானே என்றுகூடப் பார்க்கவில்லை, கோபமாகவும் இருந்தது, இந்த மனுஷனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் காலடியிலேயே உட்கார்ந்துவிட வேண்டும் போலவும் இருந்தது, பூஜை என்றால் பொரிகடலையோடு நிறுத்திக்கொள்கிறவர் ஒரு பொட்டுக்கு இவ்வளவு பயந்திருக்கிறார், பயமா அது, பயம் மட்டும் இல்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊக்கைத் திரும்பத் தாலிக்கொடியில் கோத்தாள். நாச்சிமுத்து எழுந்து காற்றாலைப் பக்கம் ஒருதரம் பார்த்தார், பிறகு பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறக்கையிடம் போனார், பரவால்ல உடு, இன்னைக்கு இது போதும், கழட்டிருவோம் காளிங்கா என்றார், அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, அந்தச் சாதாரணத்தை அவளால் தாங்க முடியவில்லை. ஏனுங்க, காத்தாலை வரைக்கும்னு சொன்னீங்களே என்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். நீ பயந்துக்கற சாந்தா. பயந்துக்கறேன், நீங்க போறப்பவும் பயந்துக்குவேன், கடைக்குப் போனாலே பயந்துக்கற ஆளு நான், அதுக்குன்னு கடைய மூடியா வெச்சிருக்கீங்க. அவளே போய் அவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிப் பையில் போட்டாள், ஹெல்மெட்டை எடுத்து அவர் தலையில் வைத்தாள், தாடைக்குக் கீழே வாரைப் பூட்டினாள், ஜாக்கெட் கொக்கி மாதிரிதான் இருந்தது அது, அவர் சீட்டில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தார், போய்ட்டு வாங்க என்றாள், தொண்டை அடைக்கவில்லை, முழுசாக வந்தது.

மஞ்சளாகத் தெரிந்தது கொஞ்ச நேரம், வேப்பமரத்தைத் தாண்டி, லைட் கம்பத்தைத் தாண்டி, நிறம் கழன்று புள்ளியானது, துணி எங்கீங்கக்கா என்று காளிங்கராஜ் தேடுகிறான், அவள் அதை எல்லைக் கல்லின் மேல் மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள், கை தாலிக்கொடியில் ஊக்கைப் பிடித்தபடி இருக்கிறது, புள்ளி காற்றாலைகளை நோக்கிச் சின்னதாகிக்கொண்டே போகிறது, சத்தமும் தேய்ந்து தேய்ந்து இனிமேல் கேட்கிறதா, கேட்டதின் மிச்சமா என்று தெரியாத அளவுக்கு ஆகிவிட்டது, பயம் அதே இடத்தில் அப்படியே இருக்கிறது, எங்கேயும் போய்விடவில்லை, ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, நடுவில் ஊக்கு முனை அளவுக்கு ஒரு துளையோடு அந்தப் புள்ளி ஆகாயத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.